மிளகாய் வைரஸுக்கு மருந்து ஏன் இல்லை? பெய்யரிங்க் கண்டுகொண்ட பதில்

அரும்பாவூர் பக்கம், பச்சைமலை அடிவாரத்தில் மிளகாய் நட்டிருக்கும் உங்களுக்கு இது பழகிய காட்சிதான். நட்டு ஒரு மாதம் செடி நன்றாக இருக்கும். பிறகு வரப்போரம் நாலைந்து செடிகளில் நுனி இலை சுருண்டு, கணு நெருங்கி, செடி குட்டையாக நின்றுவிடும். அடுத்த வாரம் அது நாற்பது செடியாகும். சில வயல்களில் இலை சுருளாமல் பச்சையும் வெளிர் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகத் தேமல் விழும். இலையைப் பறித்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போவீர்கள். கடைக்காரர் இரண்டு மூன்று பாட்டில்களை எடுத்து வைப்பார். செலவு ஆகும், செடி தேறாது.

தேறாததற்குக் காரணம் பாட்டிலில் இருப்பது போலி என்பதல்ல. வைரஸ் புகுந்துவிட்ட செடிக்குள்ளிருந்து அதை வெளியேற்றும் மருந்து உலகில் எந்தக் கடையிலும் இல்லை. ஏன் இல்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வழி திறந்தவர், நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நெதர்லாந்து நாட்டு அறிஞர் மார்ட்டினஸ் வில்லம் பெய்யரிங்க். பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுத் திண்ணையில் ரைசோபியம், அசோஸ்பைரில்லம் பாக்கெட் இருந்தால், இவருடைய உழைப்பு ஏற்கெனவே உங்கள் வயலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பெய்யரிங்க் 1851 மார்ச் 16 அன்று ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். அப்பா புகையிலை வியாபாரி. வியாபாரம் நொடித்துப்போக, அவர் ரயில்வேயில் குமாஸ்தா வேலைக்குப் போனார். புகையிலையால் கெட்ட குடும்பத்துப் பிள்ளை பிற்காலத்தில் புகையிலைச் செடியின் நோயை வைத்தே பெயர் பெற்றது ஒரு விநோதம். பணக்கஷ்டத்தோடு வளர்ந்தவர் டெல்ஃப்ட் நகரின் தொழில்நுட்பப் பள்ளியில் வேதியியல் படித்தார். அங்கே அவரோடு ஒரே அறையில் தங்கிப் படித்த நண்பர் வான்ட் ஹாஃப், பின்னாளில் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசை 1901-ல் வாங்கியவர். பெய்யரிங்குக்கோ மனம் செடிகொடிகள் பக்கமே இருந்தது. செடிகளில் பூச்சிகளால் உண்டாகும் முடிச்சுகளை ஆராய்ந்து, 1877-ல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

அதற்கு முந்தைய ஆண்டே வாகெனிங்கன் ஊரின் வேளாண்மைப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்துவிட்டார். இன்று உலக அளவில் பேர்பெற்ற வேளாண் பல்கலைக்கழகம் இருக்கும் அதே ஊர். மாணவர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. கோபக்காரர், தவறைப் பொறுக்காதவர், முகத்துக்கு நேரே கடிந்து பேசுபவர். அந்தக் குணம் கடைசிவரை மாறவில்லை. விஞ்ஞானத்தை எடுத்துக்கொண்டவனுக்குக் கல்யாணம் கூடாது என்பது அவர் கொள்கை. தானும் மணம் செய்துகொள்ளாமல் சகோதரிகளோடு வாழ்ந்தார். தன்னிடம் வேலை பார்த்தவர்கள் கல்யாணப் பேச்சை எடுத்தாலும் முகம் சுளிப்பாராம். பெரிய கண்டுபிடிப்பாளர்கள் எல்லாரும் நல்ல வாத்தியார்களாக இருப்பதில்லை.

வாகெனிங்கனில் அவரோடு பணியாற்றியவர் அடால்ஃப் மேயர் என்ற ஜெர்மானியர். அந்தப் பகுதிப் புகையிலை விவசாயிகள் ஒரு நோயால் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இலையில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் கலந்து விழுந்து, இலை சுருங்கிப்போகும். மேயர் 1879-ல் தொடங்கி அதை ஆராய்ந்தார். நோய் கண்ட இலையின் சாற்றை மெல்லிய கண்ணாடிக் குழாயால் நல்ல செடியில் ஏற்றினால் அதற்கும் நோய் வருவதைக் காட்டினார். 1886-ல் வெளியிட்ட கட்டுரையில் அதற்கு மொசைக் நோய் என்று பெயர் வைத்தார். நாம் தேமல் நோய் என்கிறோம். இது பாக்டீரியாவின் வேலை என்று மேயர் நம்பினார். பெய்யரிங்கும் நுண்ணோக்கியில் தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அப்போதைக்கு அதை அப்படியே விட்டுவிட்டார்.

1885-ல் ஆசிரியர் வேலையை உதறிவிட்டு, டெல்ஃப்டில் இருந்த ஈஸ்ட், சாராய ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். பத்து வருடம் அங்கே இருந்தார். ஆலைக்குப் போதுமான அளவு உழைக்கவில்லையே என்ற உறுத்தல் அவருக்கு இருந்ததாம். ஆனால் அந்தக் காலத்தில் அவர் செய்த ஒரு காரியம், உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலை போடும் ஒவ்வொரு விவசாயிக்கும் சம்பந்தப்பட்டது.

பயறு வகைச் செடியின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த முடிச்சுகள் இருக்கிற செடிதான் காற்றில் உள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது என்று ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1886 வாக்கில் காட்டினார்கள். முடிச்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர் பெய்யரிங்க். ஆண்டு 1888. ரைசோபியம் பாக்கெட்டின் கதை அங்கேதான் தொடங்குகிறது. பிறகு 1901-ல், எந்தச் செடியின் துணையும் இல்லாமல் மண்ணில் தானாக வாழ்ந்தபடியே தழைச்சத்தை நிலைநிறுத்தும் அசோட்டோபாக்டரைக் கண்டுபிடித்தார். 1920-களில், ஓய்வுபெற்ற கிழவராக இருந்தபோதும், சுருள் வடிவிலான இன்னொரு பாக்டீரியாவைப் பற்றி எழுதினார். அது ஐம்பது வருடம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1970-களில் பிரேசிலில் யோஹன்னா டோபரைனர் என்ற அம்மையார் அதைப் புல்வகைச் செடிகளின் வேர்களில் மீண்டும் கண்டெடுத்தார். 1978-ல் அதற்கு வைத்த பெயர்தான் அசோஸ்பைரில்லம். மிளகாய் நடவுக்கு முன் தொழுவுரத்தோடு கலந்து நீங்கள் போடுவது அதைத்தான்.

தேமல் நோய்க்கு வருவோம்.

1895-ல் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பள்ளியிலேயே பேராசிரியராக அழைக்கப்பட்டார். தனி ஆய்வுக்கூடமும் கண்ணாடிக் குடிலும் கிடைத்தன. பழைய புகையிலைப் பிரச்சினையை மறுபடி கையில் எடுத்தார். பல வீடுகளில் தண்ணீர் வடிகட்டும் ஃபில்டரில் வெள்ளையாக ஒரு பீங்கான் கேண்டில் இருக்குமே, அதைப் போன்ற ஆனால் இன்னும் நுண்ணிய துளைகள் கொண்ட சாம்பர்லாந்து வடிகட்டி அந்தக் காலத்தில் இருந்தது. பாக்டீரியா எதுவும் அதைத் தாண்டாது. நோய்கண்ட புகையிலைச் சாற்றை அதில் வடித்தார். கீழே இறங்கிய தெளிந்த சாற்றை நல்ல செடிக்கு ஏற்றினார். நோய் வந்தது. ஆக, இது பாக்டீரியா இல்லை.

இதையே 1892-ல் ரஷ்யாவில் இவானோவ்ஸ்கி என்பவரும் செய்திருந்தார். பெய்யரிங்குக்கு அது தெரியாது. பின்னர் தெரியவந்தபோது முதலில் செய்தவர் அவரே என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். கோபக்காரர்தான், ஆனால் இதில் நேர்மையாக நடந்துகொண்டார். இவானோவ்ஸ்கி வடிகட்டியில் பழுது இருக்கலாம், அல்லது பாக்டீரியா கக்கிய விஷம் வடிந்திருக்கலாம் என்ற எண்ணத்தோடு நின்றுவிட்டார். பெய்யரிங்க் அடுத்த கேள்வியைக் கேட்டார்: விஷம் என்றால், ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு என்று மாற்றிக்கொண்டே போகும்போது நீர்த்துப்போய்ச் சக்தி குறைய வேண்டுமே?

செய்து பார்த்தார். குறையவில்லை. ஒரு துளிச் சாறு ஒரு செடியைக் கெடுத்தது. அந்தச் செடியின் சாறு எத்தனையோ செடிகளைக் கெடுத்தது. அப்படியானால் உள்ளே போன பொருள் பெருகுகிறது. எங்கே பெருகுகிறது? வடித்த சாற்றைத் தனியே வைத்தால் பெருகுவதில்லை. பாக்டீரியா வளர்க்கும் கூழில் இட்டாலும் பெருகுவதில்லை. உயிருள்ள செடிக்குள், அதிலும் இளந்தளிர் போல வளர்ந்துகொண்டிருக்கும் பகுதியில் மட்டுமே பெருகுகிறது. முற்றிய இலையில் தேமல் விழுவதில்லை, சாறு ஏற்றிய பிறகு துளிர்க்கும் இலைகளில்தான் விழுகிறது என்பதையும் கவனித்து எழுதினார். உங்கள் மிளகாயிலும் நோய் முதலில் நுனியில்தானே தெரிகிறது?

இன்னொரு சோதனையும் செய்தார். நோன்பு காலத்தில் வீடுகளில் கடற்பாசி காய்ச்சிக் கட்டியாக்குவார்கள் அல்லவா, அதே அகர் கூழைக் கட்டியாக்கி, அதன்மேல் நோய்ச் சாற்றை ஊற்றிச் சில நாள் வைத்தார். பிறகு மேற்பரப்பைச் சீவித் தள்ளிவிட்டு, அடியில் உள்ள கூழை எடுத்துச் செடிக்கு ஏற்றினார். அதுவும் நோயை உண்டாக்கியது. பாக்டீரியா போன்ற துகள் என்றால் மேலேயே நின்றிருக்கும். ஊறி இறங்கியிருப்பதால் இது கரைந்த நிலையில் உள்ள, உயிருள்ள, தொற்றும் திரவம் என்று 1898-ல் முடிவுகட்டினார். நஞ்சு என்று பொருள்படும் வைரஸ் என்ற பழைய லத்தீன் சொல்லையே அதற்குப் பயன்படுத்தினார். கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடாக்கினால் அது செயலிழப்பதையும், காய்ந்த இலையில் நீண்ட காலம் தங்கியிருப்பதையும் சேர்த்துச் சொன்னார்.

திரவம் என்றது தவறு. 1935-ல் அமெரிக்காவில் வெண்டல் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரஸைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1939-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கி அதைச் சின்னஞ்சிறு குச்சிகளாகவே காட்டியது. திரவமல்ல, துகள்தான். ஆனால் தானாக வாழத் தெரியாமல் செடியின் உயிருள்ள செல்லைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாகவே பெருகும் பொருள் என்ற மையமான கருத்து நிலைத்துவிட்டது. என்னைக் கேட்டால், தேமலும் இலைச்சுருட்டும் பற்றி விவசாயி தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்த ஒரு கருத்தில் அடங்கிவிடும். பூச்சியைக் கொல்லலாம். பூஞ்சாணத்தைக் கொல்லலாம். வைரஸ் செடியின் சொந்தச் செல்லையே தன் பட்டறையாக்கிக்கொள்கிறது. அதை மட்டும் தேர்ந்தெடுத்து அழித்து, செல்லை விட்டுவைக்கும் தெளிப்பு மருந்து விவசாயத்துக்கு இன்னும் வரவில்லை. ஆகவே செடியே எதிர்த்து நின்றால்தான் உண்டு.

எதிர்த்து நிற்கும் செடியை உருவாக்குவதற்கு வேண்டிய அறிவிலும் பெய்யரிங்கின் கை ஒன்று இருக்கிறது. இது பலருக்குத் தெரியாத கதை. பாதிரியார் மெண்டல் பட்டாணியில் செய்த ஒட்டுச்சேர்க்கை ஆய்வை 1866-ல் அச்சிட்டார். அது முப்பது வருடத்துக்கும் மேல் தூங்கியது. அதன் படி ஒன்று பெய்யரிங்கிடம் இருந்தது. ஒட்டுச்சேர்க்கை ஆய்வில் இறங்கியிருந்த ஹ்யூகோ டி விரீஸுக்கு அதை அவர் அனுப்பி வைத்தார் என்று டி விரீஸின் மாணவர் ஒருவர் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். 1900-ல் டி விரீஸ் உள்ளிட்ட மூவர் மெண்டலின் விதிகளை உலகறியச் செய்தார்கள். ஐந்தே வருடத்தில், 1905-ல், இங்கிலாந்தில் பிஃபென் என்பவர் கோதுமையில் துருநோய்க்கான எதிர்ப்பும் மெண்டல் சொன்ன கணக்குப்படியே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறது என்று காட்டினார்.

பெய்யரிங்க் 1905-ல் நெதர்லாந்து அறிவியல் கழகத்தின் லேவன்ஹுக் பதக்கம் பெற்றார். 1921-ல் எழுபது வயதானதும் ஓய்வு கொடுத்தார்கள். போக மனமில்லாமல்தான் போனார். கோர்செல் என்ற கிராமத்தில் சகோதரிகளோடு தோட்டமும் செடியுமாக இருந்தார். 1931-ம் வருடத்தின் முதல் நாள் காலமானார்.

அவர் இறந்து மூன்றாம் வருடம் அவருடைய கேள்வி மிளகாய்ச் செடிக்கே வந்து சேர்ந்தது. பிரான்சிஸ் ஹோம்ஸ் என்ற அமெரிக்கர், புகையிலைத் தேமல் வைரஸைச் சில மிளகாய்ச் செடிகளின் இலையில் தேய்த்துப் பார்த்தார். தேய்த்த இடத்தில் மட்டும் சிறு புள்ளிகளாகத் திசு கருகியது. நோய் அதற்கு மேல் பரவவில்லை. வைக்கோல் போரில் ஓரிடத்தில் தீப்பற்றினால், சுற்றியிருக்கும் வைக்கோலை இழுத்துப்போட்டு மிச்சப் போரைக் காப்பாற்றுவோம். செடியும் அப்படித்தான், வைரஸ் புகுந்த செல்லையும் அக்கம்பக்கத்துச் செல்களையும் தானே சாகவிட்டு வைரஸை அடைத்துவிடுகிறது. இந்தக் குணம் மரபணு வழியாக இறங்குவதை ஹோம்ஸ் 1934-ல் வெளியிட்டார். பிறகு இதே வகையில் வெவ்வேறு மிளகாய் இனங்களிலிருந்து மேலும் வலுவான மரபணுக்களைக் கண்டெடுத்தார்கள். ஒன்றைப் போட்டால் அதை மீறும் புதிய வகை வைரஸ் வருகிறது, அதற்கு அடுத்ததைத் தேடுகிறார்கள். இந்த ஓட்டம் இன்னும் நிற்கவில்லை. நேற்று எதிர்ப்பு இருந்த ரகம் இன்று நோய்ப்பட்டால் விதைக் கடைக்காரர் ஏமாற்றினார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

வேறு வகை எதிர்ப்பும் உண்டு. அசுவினி கொண்டுவரும் தேமல் வைரஸ்களில் ஒரு குடும்பம், செடி தன் புரதங்களைத் தயாரிக்கப் பயன்படுத்தும் ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டால்தான் பெருக முடியும். சில மிளகாய்ச் செடிகளில் அந்தக் கருவியின் வடிவம் கொஞ்சம் மாறியிருக்கிறது. செடிக்கு வேலை நடக்கிறது, வைரஸுக்குப் பிடி கிடைப்பதில்லை. பூட்டை மாற்றிவிட்டதால் பழைய சாவி நுழையாத கதை. இந்தக் குணம் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் வந்தால்தான் வேலை செய்யும். அதனால் ஒட்டு ரகம் உருவாக்குவோருக்கு வேலை இரட்டிப்பு.

நம் நாட்டில் மிளகாயை அதிகம் கெடுப்பது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ். டெல்லி பூசா நிறுவனத்தின் பூசா ஜ்வாலா, பூசா சதாபஹார், லூதியானா பல்கலைக்கழகத்தின் பஞ்சாப் லால் ஆகியவை வைரஸைத் தாங்கி நிற்கும் என்று பெயர் வாங்கிய பழைய ரகங்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அண்மை ஆண்டுகளில் அர்கா தேஜஸ்வி, அர்கா யஷஸ்வி, அர்கா சான்வி, அர்கா தன்வி, அர்கா ககன் என இலைச்சுருட்டு வைரஸை எதிர்க்கும் வீரிய ஒட்டு ரகங்களைத் தந்திருக்கிறது. இவை ஒட்டு ரகங்கள் என்பதால் காயிலிருந்து விதை எடுத்து அடுத்த பட்டத்துக்கு வைக்காதீர்கள். எதிர்ப்புக் குணம் பிரிந்து போய்விடும், பாதி வயல் ஒரு மாதிரி, மீதி வேறு மாதிரி நிற்கும்.

ரகம் வாங்கும்போது வைரஸ் எதிர்ப்பு உண்டா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த வைரஸுக்கு என்று கேளுங்கள். இலைச்சுருட்டை எதிர்க்கும் ரகம் தேமலுக்குப் பலியாகலாம். அதைவிட முக்கியம், சுருண்ட இலையெல்லாம் வைரஸ் அல்ல. இலை ஓரம் மேல்நோக்கிப் படகு போல மடிந்தால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் முரணைச் சிலந்தி. இந்த இரண்டுக்கும் மருந்து உண்டு, சரியான மருந்தை அடித்தால் செடி மீளும். இலை சிறுத்து, கொப்புளித்துச் சுருங்கி, கணு நெருங்கிச் செடியே குட்டையானால்தான் வைரஸைச் சந்தேகிக்க வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் இலையை மட்டும் எடுத்துப் போகாமல், தோட்டக்கலை அலுவலரை வயலுக்கே அழைத்துக் காட்டுங்கள்.

நம் மாவட்டத்தில் மிளகாய்க்குப் பக்கத்து வயல் பெரும்பாலும் பருத்தியாக இருக்கிறது. பருத்தியில் பெருகும் வெள்ளை ஈ மிளகாய்க்கும் தாவும். பக்கத்துப் பருத்தி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து மிளகாய் நடுங்கள். மக்காச்சோளத்துக்கு இங்கே பஞ்சமில்லை. அதை மிளகாய் வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை, நடவுக்கு முன்பே விதைத்து உயர்த்திவிட்டால், பறந்து வரும் அசுவினி முதலில் அதில் உட்கார்ந்து வாயை வைக்கும். தேமல் வைரஸ் அதன் வாய்நுனியில்தான் ஒட்டியிருக்கும், மக்காச்சோளத்தைக் குத்தும்போதே பெரும்பகுதி உதிர்ந்துபோகும்.

பெய்யரிங்க் சொன்ன இளந்தளிர் விஷயம் நாற்றங்காலுக்கு அப்படியே பொருந்தும். எவ்வளவு இளம் வயதில் வைரஸ் புகுகிறதோ அவ்வளவு நஷ்டம். பூத்துக் காய்க்கும்போது வந்தால் கொஞ்சமாவது காய் எடுக்கலாம், நாற்றில் வந்தால் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே நாற்றங்காலை விதைத்த நாளிலிருந்து பிடுங்கும் நாள்வரை 40 முதல் 50 மெஷ் நைலான் வலைக்குள் வையுங்கள். சொந்த விதை என்றால், முதலில் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பின் லிட்டருக்கு 150 கிராம் டிரைசோடியம் ஆர்த்தோபாஸ்பேட் கரைத்த நீரில் அரை மணி நேரம் போட்டு, நன்றாகக் கழுவி நிழலில் உலர்த்தி விதையுங்கள். விதைத் தோலில் ஒட்டியிருக்கும் தேமல் வைரஸுக்கு அது உதவும். நட்ட பிறகு முதலில் நோய் தெரியும் செடிகளைத் தயங்காமல் பிடுங்கி எரித்துவிட வேண்டும். வரப்பில் சுக்குட்டிக் கீரைச் செடி நின்றால் அதையும் சேர்த்துப் பிடுங்குங்கள், வைரஸ் அதிலும் தங்கும். நாற்றுப் பிடுங்கவும் நடவும் வருகிறவர்கள் புகையிலை போடும் பழக்கம் உள்ளவர்களாக இருந்தால், காய்ந்த இலையில் வைரஸ் தங்கும் என்று 1898-லேயே எழுதப்பட்டிருப்பதை நினைத்து, வயலில் இறங்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ ஒரு வாளித் தண்ணீர் வரப்பில் வைத்துவிடுங்கள்.